பன்றிக்குத் தடுப்பூசி பலிக்க வேண்டுமானால்

மாட்டுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசியை அப்படியே பன்றிக்குப் போட்டால் எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. நோய்க்கிருமி ஒன்றுதான். குப்பிக்குள் இருக்கும் செயலிழந்த வைரசும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் சபோனினும் சேர்த்துத் தயாரித்த ஊசி மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல பாதுகாப்பு தரும். பன்றியின் உடல் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதே வைரசை எண்ணெயோடு சேர்த்துக் குழைத்துக் கொடுத்தால் பன்றியின் ரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் ஏறுகின்றன. அதனால்தான் பன்றிகளுக்கு எண்ணெய் சேர்ந்த கோமாரித் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள். இது சின்ன விஷயமல்ல. கோமாரி கண்ட பன்றி, மூச்சுக்காற்றில் மாட்டைவிடப் பல மடங்கு வைரசை வெளியே விடும். ஒரு பண்ணையில் பன்றிகளுக்கு ஊசி பலிக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் ஆபத்து.

பன்றியின் நோய் எதிர்ப்பு அமைப்பில் சில தனித்தன்மைகள் உண்டு. மற்ற பாலூட்டிகளின் நிணநீர்க் கணுவில் வெளி விளிம்பில் இருக்கும் பகுதி, பன்றியில் நடுவில் இருக்கிறது; நடுவில் இருக்க வேண்டியது விளிம்புக்கு வந்துவிட்டது. சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டதுபோன்ற அமைப்பு. கணுவை விட்டுக் கிளம்பும் நிணநீர் அணுக்கள் பிற விலங்குகளில் நிணநீர் நாளம் வழியாகச் சுற்றிப் போகும். பன்றியில் நேராக ரத்தத்துக்குள் இறங்குகின்றன. நிணநீர் அணுக்களில் ஒரு பிரிவு டி அணுக்கள். அவற்றில் காமா-டெல்டா என்ற வகை மனித ரத்தத்தில் சொற்பம். இளம் பன்றியின் ரத்தத்திலோ டி அணுக்களில் அந்த வகையே பெரும்பங்கு. எலியிலும் மனிதனிலும் கற்ற பாடத்தை இந்த உடலில் அப்படியே பொருத்த முடியாது.

தடுப்பூசியை வலுப்படுத்துவது என்றால் குப்பிக்குள் இன்னும் கொஞ்சம் வீரியம் சேர்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். பன்றித் தடுப்பூசிகளின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுதியாகிறது. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதில் பாதிப் பலன்தான் இருக்கிறது. உடலின் எந்த இடத்தில், எந்த நாளில், எப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த குட்டிக்குக் கொடுக்கிறோம் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

முதலில் குப்பியைப் பார்ப்போம். செயலிழக்கச் செய்த வைரசையோ அதன் ஒரு துண்டுப் புரதத்தையோ தனியாக உடலுக்குள் செலுத்தினால் உடல் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. அதோடு வேறொரு பொருள் சேர வேண்டும். ஆங்கிலத்தில் அட்ஜுவன்ட் என்கிறார்கள். ஊக்கி என்று வைத்துக்கொள்வோம். இதைக் கண்டறிந்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1920-களில் பாரிசுக்கு அருகே பாஸ்டர் நிறுவனத்தின் குதிரை லாயங்களில் காஸ்டன் ரமோன் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நஞ்சு தயாரித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் கட்டி உண்டான குதிரைகள் மற்றவற்றைவிட அதிக எதிர்நஞ்சு தருவதைக் கவனித்தார். அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் வீக்கத்தை உண்டாக்கினால் என்ன என்று யோசித்து, ஊசி மருந்தோடு ரொட்டித் துகள், மாவுச்சத்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார். நம் ஊரில் ஜவ்வரிசியாகும் அதே மாவுதான். எதிர்நஞ்சு கூடியது. விரைவிலேயே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி அலுமினிய உப்பு அதே வேலையைச் செய்வதைக் காட்டினார். 1930-களில் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் கனிம எண்ணெயைக் கொண்டுவந்தார்.

இவை ஏன் வேலை செய்கின்றன என்பது அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தெளிவாகவில்லை. எண்ணெய்த் துளிகளுக்குள் சிக்கிய வைரஸ் மெல்ல மெல்லக் கசிவதால் உடலுக்கு நீண்ட நேரம் கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். அது உண்மையின் ஒரு பகுதிதான். 1989-இல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார். அந்நியப் பொருளைப் பார்த்த மாத்திரத்தில் உடல் போருக்குக் கிளம்பாது. அது ஆபத்தான கிருமிதான் என்று முதல்நிலைக் காவல் அணுக்கள் உறுதிசெய்த பிறகே எதிர்ப்புரதம் தயாரிக்கும் பி அணுக்களும் டி அணுக்களும் முழு மூச்சில் இறங்கும் என்றார். பாக்டீரியாவின் சுவர்த் துண்டு, வைரசின் இரட்டை இழை ஆர்.என்.ஏ., கிருமிகளின் டி.என்.ஏ.வில் மட்டும் அதிகம் காணப்படும் சில எழுத்து வரிசைகள் ஆகியவற்றை அடையாளம் காணும் ஏற்பிகள் பின்னர் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அந்தத் துறைக்கு 2011-இல் நோபல் பரிசும் வந்தது. ரமோன் கலந்த மாவு, குதிரையின் உடலுக்குக் கொடுத்தது ஆபத்துச் செய்தியைத்தான்.

இங்கே பன்றி ஆராய்ச்சியாளர்கள் முக்கியமான ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். ஆபத்துச் செய்தி எல்லா விலங்குக்கும் ஒரே எழுத்தில் இல்லை. சிபிஜி எனப்படும் டி.என்.ஏ. துணுக்குகளை ஊக்கியாகப் பயன்படுத்தலாம். எலியை உசுப்பும் சிறந்த வரிசை பன்றியை அவ்வளவாக உசுப்பாது. மனிதரில் நன்றாக வேலை செய்யும் வரிசை பன்றியிலும் வேலை செய்கிறது. எலியில் மட்டும் சோதித்துவிட்டுப் பன்றிப் பண்ணைக்கு வந்த ஊக்கிகள் பல ஏமாற்றம் தந்ததற்கு இது ஒரு காரணம்.

எண்ணெய்க்கு ஒரு விலையும் உண்டு. 2010-11-இல் தென்கொரியாவில் கோமாரி பரவியபோது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. அதன்பின் அந்நாடு நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்துக்கு மாறியது. பன்றிக்கு ஊசி போடுவது காதுக்குப் பின்னால், கழுத்துத் தசையில். கொரியர்கள் விரும்பிச் சாப்பிடும் கறி வெட்டுகளில் கழுத்துக் கறியும் ஒன்று. எண்ணெய் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியும் தசைநார்த் தடிப்பும் இருக்க, கறிக்கடைக்காரர்கள் அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியிருந்தது. நட்டம் பண்ணைக்காரருக்கு. ரமோனின் குதிரைக்கு நன்மை செய்த அதே வீக்கம் இங்கே கறியைக் கெடுத்தது. நட்டம் வரும் என்று தெரிந்தால் பண்ணைக்காரர் ஊசி போடுவதில் சுணங்குவார். அது மனித இயல்பு. அந்த வகையில் கறியின் தரமும் தடுப்பூசியின் பலனோடு சேர்ந்த விஷயம்தான்.

இதற்கான ஒரு நல்ல தீர்வு ஊசியின் இடத்தை மாற்றுவதில் கிடைத்தது. தசையில் காவல் அணுக்கள் குறைவு. தோலில் அவை நெருக்கமாக இருக்கின்றன. எதையாவது பிடித்தவுடன் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு ஓடித் தகவல் சொல்வதே அவற்றின் வேலை. ஊசியே இல்லாமல், அழுத்தத்தால் மருந்தைத் தோலுக்குள் பாய்ச்சும் கருவிகள் இப்போது பன்றிப் பண்ணைகளில் புழங்குகின்றன. தசையில் 2 மில்லி போடும் இடத்தில் தோலுக்கு 0.2 மில்லி போதும். கருவியை அழுத்தி எடுத்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கும் குறைவான ஒரு தடிப்பு எழுந்தால் சரியாகப் போட்டதாக அர்த்தம். ஒரே ஊசியால் வரிசையாகப் பல பன்றிகளைக் குத்தும்போது ஒன்றின் ரத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு வைரஸ் தொற்றும் ஆபத்தும் இதில் குறைகிறது.

தசை ஊசியையே போடுவதானாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொழுத்த தாய்ப்பன்றிக்குக் கழுத்தில் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் இருக்கும். குட்டிக்குப் போடும் சின்ன ஊசியால் அதைக் குத்தினால் மருந்து கொழுப்பிலேயே நின்றுவிடும். கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, அங்கே வரும் காவல் அணுக்களும் குறைவு. ஒன்றரை அங்குல நீள ஊசி எடுத்து, காதின் அடிக்குச் சற்றுப் பின்னால் செங்குத்தாகக் குத்த வேண்டும். விலையுயர்ந்த ஊக்கி செய்யும் வேலையைச் சில சமயம் சரியான நீளமுள்ள ஊசி செய்துவிடும்.

ஊக்கி சேர்த்தால் எந்த வைரசையும் வெல்லலாம் என்ற நம்பிக்கையை உடைத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921-இல் கென்யாவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், 2007-இல் ஜார்ஜியா வழியாக ஐரோப்பாவின் எல்லைக்கும் 2018-இல் சீனாவுக்கும் வந்தது. 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் உறுதியானது. 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் தெரிந்தது. ஜெர்மனியின் ஃபிரீட்ரிச் லோஃப்லர் நிறுவனத்தில் இந்த வைரசைச் செயலிழக்கச் செய்து, நவீன ஊக்கிகள் இரண்டைத் தனித்தனியே சேர்த்துப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. ஊசி போட்ட எல்லாப் பன்றிகளிலும் எதிர்ப்புரதம் உருவாகியிருந்தது. உயிருள்ள வைரசைக் கொடுத்தபோது எல்லாவற்றுக்கும் கடும் நோய் கண்டது. நோய் தாமதப்படக்கூட இல்லை.

இந்தச் சோதனையை நான் பலரிடம் சொல்லிவருகிறேன், ஏனென்றால் இது ஒரு பொதுவான மயக்கத்தைத் தெளிய வைக்கிறது. ஆய்வகத்தில் எதிர்ப்புரதத்தின் அளவு உயர்ந்தால் தடுப்பூசி வேலை செய்கிறது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். இந்த வைரசுக்கு எதிராக ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புரதம் தனியாகப் போதாது. தொற்றிய அணுக்களைத் தேடிக் கொல்லும் டி அணுக்கள் வேண்டும். செத்த வைரஸ் அணுவுக்குள் நுழைந்து பெருகாததால் அந்த டி அணுக்களைச் சரியாகப் பழக்க அதனால் முடிவதில்லை. ஆகவே ஆராய்ச்சி உயிருள்ள, மரபணு நீக்கிய வைரஸ்கள் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் பிளம் தீவு ஆய்வகத்தில் ஐ177எல் என்ற ஒரே மரபணுவை நீக்கி உருவாக்கிய வைரசிலிருந்து வியட்நாம் ஒரு தடுப்பூசியைத் தயாரித்தது. 2022-இல் அனுமதி கிடைத்தது. விதித்த வயதுக்கும் வகைக்கும் புறம்பாகப் போட்டதில் பன்றிகள் இறந்ததால் அதே ஆண்டில் நிறுத்தினார்கள். மறு ஆண்டு, கறிக்கு வளர்க்கும் பன்றிகளுக்கு மட்டும் என்று மீண்டும் அனுமதித்தார்கள். உயிருள்ள தடுப்பூசி வலுவானது. அந்த வலுவே அதன் ஆபத்தும்.

ஊக்கத்தின் திசை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பன்றி இன்ஃபுளூயன்சா காட்டியது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வகை எச்1 வைரசைச் செயலிழக்கச் செய்து ஊக்கியோடு பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1 வைரசைத் தொற்ற வைத்தார்கள். ஊசி போடாத பன்றிகளைவிட ஊசி போட்டவற்றின் நுரையீரல் மோசமாகச் சேதமடைந்தது. உருவான எதிர்ப்புரதங்கள் புதிய வைரசைப் பிடித்துக்கொண்டன, ஆனால் முடக்கவில்லை. அந்த வைரஸ் அணுவோடு ஒட்டி உள்ளே நுழைவதற்கு உதவியே செய்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த வைரசுக்கு எதிராக உடலைப் பழக்குகிறோம் என்பது, எவ்வளவு பழக்குகிறோம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவும் குட்டிகளுக்கு மூச்சுத் திணறலும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் இதைவிடத் தந்திரமானது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் மர்ம நோய் என்று பேசப்பட்டு, 1991-இல் நெதர்லாந்தின் லேலிஸ்டாட் நகரில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் இது. இந்தியாவில் 2013-இல் மிசோரத்தில் தெரியவந்தது. எதிர்ப்பு அமைப்புக்குத் தகவல் தர வேண்டிய பெருவிழுங்கி அணுக்களுக்குள்ளேயே குடியேறி, வைரஸ் வந்துவிட்டது என்று அறிவிக்கும் இன்டர்ஃபெரான் புரதத்தை அமுக்கிவிடும். முதல் வாரங்களிலேயே எதிர்ப்புரதம் நிறைய உருவாகும். ஆனால் வைரசை முடக்கும் வகை ஒரு மாதத்துக்குப் பிறகே, அதுவும் சொற்பமாகவே, எட்டிப் பார்க்கும். உடல் தானாகத் தயாரிக்காத இன்டர்ஃபெரானையும் இன்டர்லூக்கின்-12-ஐயும் தடுப்பூசியோடு வெளியிலிருந்து சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் டி அணுக்களின் பதில் கூடியது. பண்ணையில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அது வளரவில்லை. கடைசியில் வேறொரு கதவு திறந்தது. வைரஸ் நுழையப் பயன்படுத்தும் சிடி163 என்ற ஏற்பியை மரபணுத் திருத்தத்தால் மாற்றிய பன்றிகளுக்கு இந்நோய் வருவதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அத்தகைய பன்றிகளை உணவுக்காக வளர்க்க அனுமதித்தது. தடுப்பூசி தோற்ற இடத்தில் விலங்கையே மாற்றுவது சரியா என்ற விவாதம் இன்னும் நீண்டகாலம் நடக்கும், நடக்க வேண்டும்.

தோல்விகளை மட்டும் அடுக்கினால் நியாயமாகாது. பால்குடி மறந்த குட்டிகளை எலும்பும் தோலுமாக்கிய சர்க்கோவைரஸ்-2, 1990-களில் மேற்குக் கனடாவில் கவனத்துக்கு வந்தது. மரபுப்பொருள் சுமார் 1,770 எழுத்துகள் மட்டுமே கொண்ட, மிகச் சிறிய வைரஸ். அதன் வெளிக்கூட்டுப் புரதத்தைப் பூச்சி அணுக்களில் தயாரித்தால், அந்தப் புரதம் தானாகவே ஒன்றோடொன்று கோத்து உள்ளே எதுவும் இல்லாத வைரஸ் கூடாக உருண்டு நிற்கும். பார்ப்பதற்கு முழு வைரஸ், பெருக வழியில்லை. அதைத் தண்ணீரில் கரையும் பாலிமர் கூழ் ஊக்கியோடு மூன்று வாரக் குட்டிக்கு ஒரே முறை போடும் தடுப்பூசி 2006-இல் வந்தது. அழிந்துகொண்டிருந்த பண்ணைகள் சில மாதங்களில் மீண்டன. கூட்டின் வடிவமே உடலை நம்பவைத்துவிட்டதால் கடுமையான எண்ணெய் தேவைப்படவில்லை. சில பன்றித் தடுப்பூசிகளில் எண்ணெய்க்குப் பதிலாக வைட்டமின் ஈ சார்ந்த கரைப்பானையே ஊக்கியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி தாய்ப்பன்றியிடம் வருவோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், மிகவும் கவனிக்கப்படாத பகுதியும் இதுதான்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் எதிர்ப்புரதங்களை ரத்தத்தில் சுமந்து வருகிறது. பன்றிக்குட்டி அப்படி வருவதில்லை. பன்றியின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குகள் இருக்கின்றன. எதிர்ப்புரதம் அவற்றைத் தாண்டாது. ஈன்ற உடனே, ஒன்றரைக் கிலோகூட இல்லாத அந்த ஈரக் குட்டி, உலகிலுள்ள எந்தக் கிருமிக்கும் எதிர்ப்புரதம் இல்லாமல் தாயின் மடி தேடித் தள்ளாடிப் போகிறது. அதற்குக் கிடைக்கப்போகும் பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் முதல் ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள் வரைதான் எதிர்ப்புரதத்தை முழுசாக உள்ளே விடும், பிறகு மூடிக்கொள்ளும். சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புரதமும் அந்த ஒரு நாளுக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும். முதல் நாளில் குட்டிக்குக் குறைந்தது 200 கிராம் சீம்பாலாவது போய்ச் சேர வேண்டும். பத்துப் பன்னிரண்டு குட்டிகளில் கடைசியாகப் பிறந்து, தள்ளுமுள்ளில் காம்பு கிடைக்காமல் நிற்கும் குட்டியைக் கையால் எடுத்து மடியில் வைத்துவிடுவது, அந்தக் குட்டியின் வாழ்நாளில் நடக்கும் மிகப் பெரிய எதிர்ப்பு ஊக்கம்.

சீம்பாலில் புரதம் மட்டும் வருவதில்லை. தாயின் நினைவு நிணநீர் அணுக்களும் வருகின்றன. அவை சொந்தத் தாயிடமிருந்து வந்தால்தான் குட்டியின் குடல் சுவரைக் கடந்து உள்ளே செல்கின்றன. வேறு பன்றியிடமிருந்து வந்தால் செல்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காம்பைவிடக் குட்டிகள் அதிகமானால் சிலவற்றை வேறு தாயிடம் விடுவது பண்ணைகளில் வழக்கம். ஈன்ற சூட்டிலேயே மாற்றாமல், சொந்தத் தாயின் சீம்பாலைக் குடித்த பிறகு மாற்றுவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

இதே சீம்பால்தான் தடுப்பூசிக்கு எதிரியாகவும் ஆகிறது. தாய் கொடுத்த எதிர்ப்புரதம் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்போது உயிருள்ள தடுப்பூசி வைரசைச் செலுத்தினால், பெருகும் முன்பே அதை முடக்கிவிடும். அது மட்டுமல்ல, வைரசோடு ஒட்டிய தாயின் எதிர்ப்புரதம் குட்டியின் பி அணுக்களிடம் போய் இனி வேலை செய்ய வேண்டாம் என்ற குறிப்பையும் கொடுக்கிறது. பன்றிக் காய்ச்சல் என்று கால்நடைத் துறை சொல்லும் பழைய, பெஸ்டிவைரசால் வரும் நோயில் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையானது. மனிதருக்கு வரும் எச்1என்1-க்கும் இதற்கும் தொடர்பில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதம் ஏறத்தாழ 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில், உண்மையான நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு அது குறைந்திருக்கும். தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு இன்னும் மிஞ்சியிருக்கும். அந்த நாட்களில் குட்டிக்கு எந்தப் பக்கமும் பாதுகாப்பு கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே, அதிகம் சீம்பால் குடித்தது ஒரு நாளிலும் குறைவாகக் குடித்தது இன்னொரு நாளிலும் இந்தப் பள்ளத்தில் இறங்கும். எல்லாக் குட்டிக்கும் ஒரே தேதியில் ஊசி போட்டால் சிலவற்றில் பலிக்கும், சிலவற்றில் வீணாகும்.

சீனப் பண்ணைகளில் இதற்கு ஒரு துணிச்சலான வழி கண்டார்கள். குட்டி பிறந்ததும், மடியில் வாய் வைக்கும் முன்பே தடுப்பூசி போட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் பால் கொடுக்காமல் தனியே வைத்திருப்பார்கள். தாயின் எதிர்ப்புரதம் ரத்தத்துக்குள் வரும் முன் தடுப்பூசி வைரஸ் குட்டியின் அணுக்களுக்குள் இடம் பிடித்துவிடும். 1950-களில் முயலில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட சி வகை வைரஸ் மிகவும் பாதுகாப்பானது என்பதால் இது சாத்தியமானது. ஆனால் பன்றி பெரும்பாலும் இரவில் ஈனும். ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து, துடைத்து, ஊசி போட்டு, குளிர் தாக்காமல் விளக்கடியில் வைத்துக் காத்திருக்க ஆள் வேண்டும். நோய் கடுமையாக இருக்கும் பண்ணைக்கு மட்டுமே இந்த உழைப்பு கட்டுப்படியாகும்.

தாயின் வழியாகவே குட்டியைக் காப்பாற்றுவது இன்னொரு பாதை. அதிலும் ஊசி போடும் இடத்தைப் பற்றிய பாடம் ஒளிந்திருந்தது. டி.ஜி.இ. என்ற கொரோனா வைரஸ் பிறந்த சில நாளேயான குட்டிகளின் குடலைத் தாக்கி, வயிற்றுப்போக்கால் கொன்றுவிடும். குட்டிக்கே தடுப்பூசி போட நேரமில்லை. சினைப்பன்றிக்குத் தசையில் போட்டார்கள். சீம்பாலில் ஐஜிஜி வகை எதிர்ப்புரதம் நிறைய வந்தது; சில நாளில் பாலாக மாறியதும் வற்றிப்போனது; குட்டிகள் செத்தன. ஆனால் இயற்கையாக வாய்வழியே நோய் கண்டு மீண்ட தாய்களின் குட்டிகள் பிழைத்தன. 1970-களில் அமெரிக்காவின் ஓஹையோவில் எட்வர்ட் போலும் லிண்டா சைஃபும் இதன் காரணத்தை விளக்கினார்கள். குடலில் வைரசைச் சந்தித்த தாயின் பி அணுக்கள் ரத்தம் வழியாகப் பயணப்பட்டு மடியில் போய்த் தங்கி, ஐஜிஏ என்ற வேறு வகை எதிர்ப்புரதத்தைப் பால் வற்றும் வரை சுரந்துகொண்டே இருக்கின்றன. அது குட்டியின் குடலில் செரிக்காமல் நின்று வைரசைத் தடுக்கிறது. குட்டிக்கு ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் ஒரு பூச்சு கிடைக்கிறது.

2013-இல் இதன் உறவினரான பி.இ.டி. வைரஸ் அமெரிக்காவில் முதன்முறையாக நுழைந்து லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்றபோது, பண்ணைகள் அந்தப் பழைய அறிவுக்கே திரும்பின. இறந்த குட்டிகளின் குடலை அரைத்துச் சினைப்பன்றிகளின் தீவனத்தில் கலந்தார்கள். கேட்க அருவருப்பாக இருக்கும். வேறு நோய்களைப் பரப்பும் ஆபத்தும் அதில் உண்டு. வேறு வழியில்லாத வாரங்களில் அது மந்தைகளைக் காப்பாற்றியது. பின்னர் வந்த தசை ஊசித் தடுப்பூசிகள், வாய்வழியே ஏற்கனவே வைரசைக் கண்ட தாய்களில் பால் எதிர்ப்புரதத்தை நன்றாக உயர்த்தின. வைரசையே காணாத தாய்களில் அவ்வளவாக உயர்த்தவில்லை. குடலில் தொடங்கிய நினைவைத் தசையில் ஊக்கலாம். தொடங்காத நினைவை எப்படி ஊக்குவது?

தீவனத்தையும் விட்டுவிடக் கூடாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் இருக்கும் அஃப்ளாடாக்சின் போன்ற நஞ்சுகள், நோய் வராத அளவில்கூட, எதிர்ப்பு அமைப்பை மந்தமாக்கும். மழைக்காலத்தில் ஈரக் கிடங்கில் கிடந்த பிண்ணாக்கைத் தின்ற பன்றிக்கு எவ்வளவு நல்ல ஊசி போட்டாலும் முழுப் பலன் வராது.

இந்தியாவுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்துகிறது? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள். அதில் 21 லட்சம் அசாமில் மட்டும். வடகிழக்கில் பெரும்பாலானவை வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மூன்றாக வளர்பவை, வளர்ப்பவர்களில் பெண்கள் அதிகம். ஒரு பன்றி செத்தால் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு போகிறது. பன்றிக் காய்ச்சலுக்கு நாம் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது முயலில் தயாரித்த தடுப்பூசி. வைரசை முயலுக்குச் செலுத்தி, அதன் மண்ணீரலை எடுத்து அரைத்துத் தயாரிப்பார்கள். ஒரு முயலிலிருந்து ஏறத்தாழ 50 பன்றிகளுக்கான மருந்துதான் கிடைக்கும். ஆண்டுக்கு 2.2 கோடி வேளை மருந்து தேவைப்பட்ட நாட்டில் 12 லட்சம்தான் தயாரானது என்று அரசே சொன்னது. இசத்நகரின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், உள்நாட்டிலேயே பரவும் வைரஸ் வகையை வீரியம் குறைத்து, அணு வளர்ப்பில் பெருக்கிய தடுப்பூசியை 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. முயல் தேவையில்லை, விலையும் பல மடங்கு குறைவு. எந்த ஊக்கியைவிடவும் இது பெரிய ஊக்கம் என்பேன், ஏனென்றால் ஊசியே போடாத பன்றிக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்ட எந்த அறிவியலாலும் முடியாது.

தடுப்பூசி கிராமத்துக்கு வந்தபின் நடப்பதுதான் இன்னும் சரியாகவில்லை. இது உயிருள்ள வைரஸ். உலர்த்திய தூளாக வரும். கலந்தபின் ஐஸ் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் பல வேளைகளுக்கான மருந்து இருக்கும். ஒரு தெருவில் நான்கு பன்றிதான் இருக்கும். குப்பியை உடைத்துவிட்டு அடுத்த ஊருக்கு வெயிலில் பயணிக்கும்போது வைரஸ் செத்துக்கொண்டே வரும். குறைவான வேளை மருந்துள்ள குப்பிகளின் விலை கூடினாலும் அரசு அவற்றையே வாங்க வேண்டும். அதைவிட எளிதானது, தாய்ப்பன்றிக்கு ஊசி போட்ட தேதியைப் பதிவு செய்வது. குட்டிக்கு எந்த வாரத்தில் போட்டால் பலிக்கும் என்பது தாயின் ஊசித் தேதியைப் பொறுத்தது. ஊசி போட்ட தாயின் குட்டிக்கு இரண்டு மாதத்தை ஒட்டிப் போடலாம். போடாத தாயின் குட்டிக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. இன்று ஊசி போட வரும் கால்நடை உதவியாளரிடம் அந்தத் தகவல் இருப்பதில்லை. எல்லாக் குட்டிக்கும் ஒரே நாளில் போட்டுவிட்டுப் போகிறார். தாய்ப்பன்றியின் கொட்டிலில் கட்டித் தொங்கவிட, தேதி எழுதிய ஒரு பிளாஸ்டிக் அட்டை போதும். அதற்கான செலவைத் தடுப்பூசித் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.